உதடு

மார்ச் 3, திங்கள்

காபி வலது பக்கமாக வழிந்தது. இரண்டு முறை.

மார்ச் 4

முகவாதம். முகத்தின் வலது பாதி அசையவில்லை. பத்து நாளைக்கு மாத்திரை. கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி இமைமேல் பிளாஸ்திரி. எப்போது ஊதலாம் என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம் என்றார் டாக்டர். 29ஆம் தேதி கச்சேரி. அதில் எனக்கு இரண்டு கருவி, கிளாரினெட்டும் புல்லாங்குழலும்.

மார்ச் 6

அம்மா ஃபோன். "ஏன் கண்ணு, முகத்தைக் காட்ட மாட்டியா?" சிக்னல் சரியில்லை என்று பொய் சொன்னேன். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கும்போது அந்த 'ப்பா'வில் காற்று கசிந்துவிட்டது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு பெட்டியையும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிளாரினெட்டுக்குக் கீழுதடு பல்லின் மேல் மடிந்து மெத்தைபோல் கிடக்க வேண்டும், வாயின் இரண்டு ஓரமும் இறுக வேண்டும். சாக்ஸபோனுக்கு அதே உதடு கொஞ்சம் தளர வேண்டும். புல்லாங்குழலுக்குச் சீவாளியே கிடையாது. எள்ளளவு இடைவெளி விட்டு, காற்றைத் துளையின் எதிர் விளிம்பில் மோத விட வேண்டும். அந்த எள்ளளவை உதடுதான் பிடிக்கிறது. விரல்கள் வேறு குழப்பும். கிளாரினெட்டில் கட்டைவிரல் சாவியை அழுத்தினால் மற்ற இரண்டையும்போல மேல் ஸ்தாயிக்குப் போகாது, பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும்.

ஜாஸ் கலைஞர் பட்டி கொலெட் 1956இல் 'மேன் ஆஃப் மெனி பார்ட்ஸ்' ரிக்கார்டில் ஆல்டோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன், கிளாரினெட், புல்லாங்குழல் நான்கையும் வாசித்தார். அவருக்கும் ஒரே ஒரு வாய்தான்.

மார்ச் 9

விசில் அடித்துப் பார்த்தேன். வெறும் காற்று.

மார்ச் 11

வலது காதில் எல்லாச் சத்தமும் பெரிதாக விழுகிறது. பாத்திரம் உரசினால் தலைக்குள் இறங்குகிறது. டிரம்ஸின் சிம்பல் தட்டு வரும் எதையும் கேட்க முடியவில்லை. 'ப்ளூ சாண்ட்ஸ்' மட்டும் கேட்கிறேன். கொலெட்டின் மெட்டு, அவருடைய குழல், கீழே சிக்கோ ஹாமில்டன் பஞ்சுத்தலைக் குச்சியால் டிரம்ஸை வருடிக்கொண்டே இருக்கிறார். 1955இல் ஹாமில்டனின் அந்த ஐவர் குழுவில், பெரிய வயலின் போன்ற ஒரு செல்லோவும் உண்டு. யாரும் யாரையும் முந்துவதில்லை. இன்று ஒன்பது முறை கேட்டேன்.

மார்ச் 13

விசில் இல்லை.

மார்ச் 15, சனி

வாட்ஸ் பகுதியின் கோபுரங்களைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்காமல் இவர் காரை எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் பதினோரு வருஷம் இருந்தும் அந்தக் கோபுரங்களை இப்போதுதான் பார்க்கிறேன். சைமன் ரோடியா தனியாளாக 1921இல் தொடங்கி 1954 வரை கட்டியவை. இரும்புக் கம்பி, சிமெண்ட், உடைந்த ஓடு, பாட்டில் சில்லு, கிளிஞ்சல். கொலெட் பிறந்ததும் 1921, ஆகஸ்ட் 6. வளர்ந்தது இதே வாட்ஸில்.

செல்லோ வாசித்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் மிங்கஸை அதைவிடப் பெரிய டபுள் பேஸ் பக்கம் திருப்பியவர் கொலெட். அப்போது இரண்டு பேரும் பையன்கள். கறுப்பினப் பையனுக்கு செல்லோவோடு எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் நாற்காலி கிடைக்காத காலம். அந்த வயதில் அது கொலெட்டுக்கு எப்படித் தெரிந்தது?

காற்றில் கண் எரிந்தது. சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

மார்ச் 18

தூக்கமில்லை. பிளாஸ்திரி உரிந்துவிடுகிறது.

இந்த நகரத்தில் இசைக்கலைஞர் சங்கத்துக்கு இரண்டு கிளைகள் இருந்தன. வெள்ளையருக்கு 47ஆம் எண் கிளை, கறுப்பினத்தவருக்கு 767ஆம் எண் கிளை. ஸ்டுடியோ வேலை பெரும்பாலும் 47க்கே போனது. கொலெட்டும் நண்பர்களும் இரண்டையும் ஒன்றாக்க அலைந்தார்கள். சேர்ந்து ஒத்திகை பார்க்கட்டும், பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும் என்று கலப்பு ஆர்கெஸ்ட்ரா ஒன்றையே நடத்தினார்கள். அந்தக் காலத்தில்தான் இசை நடத்துனர் ஜெர்ரி ஃபீல்டிங் அவரை நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸ் நிகழ்ச்சியின் ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்தார். நாடு முழுக்க ஒளிபரப்பான தொலைக்காட்சியின் ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்த முதல் கறுப்பினக் கலைஞர்.

நான் விடாமல் நினைப்பது அந்த முதல் நாளை. ஸ்டாண்டில் சுரத்தாள் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் வேறு சுருதி. ஆல்டோ ஈ-ஃப்ளாட், கிளாரினெட் பி-ஃப்ளாட், புல்லாங்குழல் சி. மடியில் ஒன்று, ஸ்டாண்டில் ஒன்று. பத்துப் பதினைந்து விநாடி ஓய்வில் கருவியை மாற்றி, உதட்டை மாற்றி, முதல் சுரமே சுருதி சேர வேண்டும். ஒரு பிசகு வந்தால் அவர் ஒருவரோடு போகாது, பின்னால் வர இருந்த அத்தனை பேரின் நாற்காலியும் போயிருக்கும். கடற்படையிலிருந்து திரும்பியவர் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி மாணவராகப் போய் உட்கார்ந்து படித்தார். கூப்பிட்டபோது வாய் தயாராக இருந்தது.

என் வாய்.

மார்ச் 19

நேற்று எழுதியதைப் படித்தேன். சரி. இருக்கட்டும்.

மார்ச் 20

இடது பக்கம் மட்டும் சிரிக்கும் என்னைச் சின்னவள் படம் வரைந்திருக்கிறாள். அழகாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 22

கொலெட்டின் மாணவர் எரிக் டால்ஃபி. ஆசிரியர் வாசித்த அதே சிக்கோ ஹாமில்டன் குழுவில் 1958இல் சேர்ந்தார். ஆல்டோ, புல்லாங்குழல், பேஸ் கிளாரினெட் மூன்றும். 1964இல் பெர்லினில் இறந்தார். சர்க்கரை நோய் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வயது 36. எனக்கு 41.

விசில் இல்லை.

மார்ச் 25

படித்திருக்கக் கூடாது. 1998இல் கொலெட்டுக்குப் பக்கவாதம். அதற்குப் பிறகு வாசிப்பு நின்றுபோனது. 2010 வரை இருந்தார். பன்னிரண்டு வருஷம், நான்கு கருவியும் எங்கே வைத்திருந்தார்? பெட்டிக்குள்ளா, கண்ணில் படும்படியா? யாராவது சாவிகளுக்கு எண்ணெய் போட்டார்களா, துளைகளை மூடும் மெத்தைகள் காய்ந்துபோக விட்டார்களா? பிள்ளைகளுக்கு ஜாஸை இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையை விடவில்லை. ஒரு பையன் தப்பாக ஊதும்போது, "கொடு, நான் காட்டுகிறேன்" என்று கை நீட்ட முடியாமல் எப்படிச் சொல்லியிருப்பார்? சொல்லால்தான் சொல்லியிருப்பார். உதட்டை எப்படிச் சொல்லில் வைப்பது? மகளிடம் முயன்றேன். "சூடான டீயை ஊதுகிற மாதிரி, ஆனால் இன்னும் சின்னதாக." அவள் ஊதினாள். குழல் பாடியது. நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 27

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "முதல் நாளே தெரியும்டி" என்றாள்.

மார்ச் 29, சனி

கச்சேரி. என் நாற்காலியில் வேறொருவர். இரண்டாம் பாட்டில் கிளாரினெட்டை வைத்துவிட்டுக் குழலை எடுக்க எட்டுத் தாளத் தட்டு நேரம்தான் இருந்தது. சரியாக எடுத்தார். கை வலிக்கத் தட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 31

வலது ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிரமையா?

ஏப்ரல் 1, செவ்வாய்

1953இல் இதே தேதியில் 47ம் 767ம் ஒன்றாயின.

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியை மட்டும் எடுத்து ஊதினேன். வலது ஓரம் கசிந்தது. ஆனால் சத்தம் வந்தது. கரடுமுரடாக, மூன்று விநாடி. இவர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்.

ஏப்ரல் 2

ஐந்து விநாடி. குழலை இன்னும் தொடவில்லை. எள்ளளவு இடைவெளிக்கு நாளாகும்.