எந்த மாடி ரோடு?

சீனாவின் சோங்ச்சிங்கில் யாராவது "கீழே ரோட்டில் நிற்கிறேன், வா" என்றால் உடனே கிளம்பக்கூடாது. எந்தக் கீழே, எந்த ரோடு என்று கேட்க வேண்டும். யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடுகிற இடத்தில் மலைமேல் ஏற்றிக் கட்டிய ஊர் இது. ஹோங்யாதோங் என்ற கட்டடத்தில் முதல் மாடி வாசலைத் தாண்டினால் ஆற்றங்கரைச் சாலை. பதினோராவது மாடி வாசலைத் தாண்டினால் இன்னொரு சாலை, அங்கேயும் பஸ் ஓடுகிறது. குய்சிங் லோ என்ற இன்னொரு கட்டடத்தில் சதுக்கத்திலிருந்து சமதளமாக நடந்து உள்ளே போவீர்கள். நிற்பது 22-வது மாடி.

மேற்படிப்புக்காக வந்தவள் நான். "சீனாவில் பிழைக்க மொழி வேண்டாம், போன் போதும்" என்று முன்னால் வந்தவர்கள் சொல்லி அனுப்பினார்கள். பாதி உண்மை. கீரை விற்கிற பாட்டியின் கூடையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது. சாப்பாடு, டாக்ஸி, கரண்ட் பில் எல்லாம் போனிலேயே முடிந்துவிடும். ஆனால் வழி விஷயத்தில் போன் கைவிரித்துவிடும். வந்து சேர்ந்துவிட்டாய் என்று வரைபடம் சொல்லும். தேடிப் போன கடை தலைக்கு மேலே ஏழெட்டு மாடி உயரத்தில் இருக்கும். வாயைத் திறந்து யாரையாவது கேட்டே ஆக வேண்டும். இங்கே கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்வதில்லை. "லிஃப்டில் எட்டுக்குப் போ, பின்வாசலில் வெளியே வா, பாலம் வரும், அதில் ஏறாதே, பக்கத்துப் படியில் இறங்கு" என்பார்கள். எனக்குக் கொஞ்சமாவது சீனம் பேச வருகிறதென்றால் அதில் பெரும்பங்கு இந்த ஊர்ப் படிக்கட்டுகளுக்கு.

வந்ததும் போலீஸ் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்; வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நாமே பதிய வேண்டும். அங்கே தொடங்கியது பெயர்ப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அப்பா பெயர். சிம், வங்கி, பார்சல் எல்லாவற்றிலும் அதுவே முன்னால் போய் நின்றுகொண்டது. இப்போது எங்கள் தெருப் பார்சல் கடையில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை.

வீடு தேடும்போது பைசியாங்ஜூ என்ற பழைய குடியிருப்பைப் பார்த்தேன். 24 மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடி, பத்தாவது, பதினைந்தாவது என்று மூன்று உயரங்களில் தெருவோடு ஒட்டி வாசல் இருப்பதால், எந்த வீட்டுக்காரரும் இருபத்து நாலு மாடி ஏற வேண்டியதில்லை. கட்டியவரின் மூளைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லிஃப்ட் உள்ள வேறு கட்டடத்தில் குடியேறினேன்.

காலைச் சாப்பாடு சியாவ்மியன் என்ற கார நூடுல்ஸ். கடை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஓர் அடுப்பு, ஓர் அண்டா, நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உயரமான ஸ்டூல் மேசை, குட்டி ஸ்டூல் நாற்காலி. கால் முட்டி காதைத் தொட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எத்தனை லியாங் என்று கேட்பார்கள். ஒரு லியாங் 50 கிராம், எனக்கு இரண்டு போதும். நூடுல்ஸ் வேகும் முன்பே கிண்ணத்தின் அடியில் வேலை முடிந்திருக்கும். சோயா சாஸ், பூண்டுத் தண்ணீர், இஞ்சித் தண்ணீர், பன்றிக் கொழுப்பு, மிளகாய் எண்ணெய், ஹுவாஜியாவ் என்ற சீன மிளகின் பொடி என்று அந்த அக்காவின் கரண்டி வரிசையாகப் பாய்ந்து வரும். பார்த்து எண்ணி முடிப்பதற்குள் நூடுல்ஸும் இரண்டு தண்டு வள்ளைக்கீரையும் மேலே விழுந்துவிடும். காரம் நமக்குப் புதிதா என்று நினைக்கலாம். மிளகாய் ஒன்றும் செய்யாது. ஹுவாஜியாவ்தான் ஆளைக் கவிழ்க்கும். உதடு மரத்துப்போய், குடிக்கிற தண்ணீர் புளிக்கிறதா இனிக்கிறதா என்றே தெரியாது. மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் காய், கறியைப் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் இதற்கு அண்ணன். அதன் குழம்பே மாட்டுக்கொழுப்பில்தான் கொதிக்கும். சைவக்காரர்கள் காளானை மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று கனவு காண வேண்டாம்.

திருச்சி வெயிலில் வளர்ந்தவள் என்ற தெம்பு ஜூலையோடு போய்விட்டது. 40 டிகிரி இங்கே சாதாரணம். 2022 ஆகஸ்டில் நகரின் பெய்பெய் பகுதியில் 45-ஐத் தொட்டது. நம் ஊரிலாவது சாயங்காலம் ஒரு காற்று வரும். இங்கே மலைகளுக்கு நடுவில் புழுக்கம் ராத்திரி முழுக்க அப்படியே நிற்கும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜப்பானோடு நடந்த போரில் இதுதான் சீனாவின் தலைநகர். 1938 முதல் 1943 வரை விமானங்கள் குண்டு போட்டுத் தள்ள, மக்கள் பாறையைக் குடைந்து பதுங்கு சுரங்கங்கள் வெட்டினார்கள். அவற்றில் சில கோடையில் பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுகின்றன, இலவசமாக. வாசலைத் தாண்டியதும் முகத்தில் குளிர் அடிக்கும். உள்ளே பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், சீட்டாடும் தாத்தாக்கள், ஸ்வெட்டர் பின்னும் பாட்டிகள், ஹோம்வொர்க் எழுதும் பிள்ளைகள். போன கோடையில் என் ஆய்வுக் கட்டுரையில் பாதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். பக்கத்துப் பெஞ்சு நியாங்நியாங் (இந்த ஊரில் அத்தை வயசுக்காரர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) கேட்டதெல்லாம் நம் ஊர் ரயிலில் கேட்பதுதான்: எந்த ஊர், எத்தனை வயசு, கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை. பதில் திருப்தியாக இல்லை போலும். ஆனாலும் மெட்ரோவுக்கு ஒரு குறுக்குப் படியைக் காட்டிக் கொடுத்தார். அதில் போனால் பத்து நிமிஷம் மிச்சம்.

வீட்டோடு பேசுவதுதான் பெரும்பாடு. வாட்ஸ்அப் இங்கே கிடையாது. இங்கே எல்லோரும் பேசப் பயன்படுத்தும் வீசாட் செயலியை 2020 ஜூனில் இந்தியா தடை செய்துவிட்டது. இரண்டு பக்கமும் கதவு சாத்தினால் நடுவில் நாம் என்ன செய்வது? இந்திய சிம்மை ரோமிங்கில் போட்டால் வாட்ஸ்அப் திறக்கும், பில்லும் ஏறும். நேர வித்தியாசம் இரண்டரை மணி. நான் பத்து மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழரை, அம்மாவுக்கு சீரியல் நேரம். "முக்கியமா ஏதாவது இருந்தா சொல்லு, இல்லாட்டி விளம்பரத்துல கூப்பிடு" என்பார்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் லீசிபாவுக்கே போகக் கேட்கிறார்கள். இரண்டாம் தடத்து மோனோ ரயில் 19 மாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து வெளியே வரும் இடம். கீழே கூட்டம் வாயைப் பிளந்து, ரயிலை விழுங்குவது போலப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை பார்க்கலாம். என்னைக் கேட்டால் நான்காம் தடத்தில் ஷிச்சுவான் நிலையத்துக்கு விடிவதற்குள் போய் நில்லுங்கள் என்பேன். மூங்கில் கூடையில் கீரையும் முள்ளங்கியும் முதுகில் சுமந்த வயசாளிகள் கதவு திறக்கக் காத்திருப்பார்கள். முதல் ரயிலிலேயே நகரத்துச் சந்தைக்கு வந்துவிடுவார்கள். பெட்டியில் பச்சை வெங்காயத்தாள் வாசம் தூக்கும். பக்கத்தில் இடம் கிடைத்தால் ஒரு கட்டு விலை பேசிப் பாருங்கள், சந்தையைவிட மலிவு.