பதிலின் முதல் ஸ்வரம்

“மேல இருந்த ஜி ஷார்ப் எங்க போச்சு?” என்று, நான் எழுதிய கிட்டார் அமைப்பை வாசிப்பவர் கேட்டார். “அதான் கீழ பேஸ்ல இருக்கே” என்றேன். அதே ஸ்வரம் கீழ்க் குரலான பேஸில் இருப்பதால், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கணக்கில் சரியான பதில்தான். ஆனாலும் அந்தக் கேள்வி விடமாட்டேன் என்கிறது.

மூன்று கிட்டாரின் வேலையை ஒரே கிட்டாரில் அடக்க வேண்டும். மூலம் எஃப் மேஜர். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் முதல் கட்டத்தில்) கேப்போ என்ற, எல்லாக் கம்பியையும் அழுத்தும் கிளிப்பை மாட்டி, ஈ மேஜர் விரலமைப்பில் எழுதியது. ஈ, ஏ இரண்டும் பேஸில் விரல் வைக்காத திறந்த கம்பியாகக் கிடைக்கும். அவை ஒலிக்கும்போதே இடது கை இடம் மாறிக்கொள்ளலாம். ரிதம் கிட்டாரில் முதலில் கழித்தது கார்டுகளின் ஐந்தாம் ஸ்வரத்தை. அது போனதை யாரும் கவனிக்கவில்லை.

சிக்கல் ஒரே ஒரு பாரில் (நான்கு பீட் கொண்ட தாள அலகில்). பேஸ் ஏ, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ என்று பாருக்கு ஒரு படி இறங்குகிறது. ஜி ஷார்ப் பாரில் மெலடி மேல் ‘பி’யை நான்கு பீட்டும் பிடித்து நிற்கிறது. இரண்டாம் பீட்டில் இன்னொரு கிட்டார் பதில் சொல்கிறது: ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி ஷார்ப், அரை பீட்டுக்கு ஒன்று. கேப்போவிலிருந்து எண்ணினால் பேஸ் 6-ஆம் கம்பியில் 4-ஆம் ஃப்ரெட், ‘பி’ முதல் கம்பியில் 7, பதிலின் ஜி ஷார்ப் 2-ஆம் கம்பியில் 9. நாலிலிருந்து ஒன்பது வரை கை விரியாது. பேஸை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) ஏற்றி 4-ஆம் கம்பி 6-இல் வைத்தால் எட்டும். ஆனால் இறங்கிவரும் பேஸ் நடுவில் துள்ளிக் குதிக்கும்.

அதனால் ஜி ஷார்ப்பை மட்டும் விட்டேன். ஆள்காட்டி விரல் 4-இல் குறுக்கே படுக்கிறது; சுண்டு விரல் ‘பி’யில். 2-ஆம் கம்பியில் மோதிர விரல் 7, நடுவிரல் 5, பிறகு படுத்திருக்கும் ஆள்காட்டியே 4. மூன்று குரலும் நிற்கின்றன. ஆனால் பதில் இரண்டாம் பீட்டில் தொடங்காமல் அரை பீட் தள்ளித் தொடங்குகிறது. கேட்டவருக்கு உறுத்தியது ஸ்வரமா, இந்தத் தாமதமா? அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவர் காட்டிய வழி வேறு. இரண்டாம் பீட்டில் சுண்டு விரலை எடுத்துவிட்டால் முதல் கம்பி 4-இல் ஜி ஷார்ப் தயாராக இருக்கிறது. அதே விரல் 2-ஆம் கம்பி 7-க்கு வந்தால் பதில் முழுசாக வந்துவிடும். விரலை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் கம்பி தானாக ஒலித்துவிடும். “நைலான் கம்பிங்க, ‘பி’ எப்படியும் அடங்கிடும்” என்றார்.

உண்மைதான். ஆனால் காது மேல் ஸ்வரத்தைத்தான் மெலடி என்று பிடிக்கும். ‘பி’ அறுந்த இடத்திலேயே ஜி ஷார்ப் வந்தால் அது பதிலாகக் கேட்காது, மெலடியே இறங்குவதாகக் கேட்கும். ‘பி’யை வலது கை மோதிர விரலால் அழுத்தமாக மீட்டி, பதிலை ஒலித்துளைப் பக்கம் மென்மையாக வாசித்தால் ஓரளவு பிரித்துக் காட்டலாம். அதைச் செய்யக்கூடிய கைதான் அவருடையது.

போதாக்குறைக்கு, அடுத்த பாரின் எஃப் ஷார்ப் பேஸ் 6-ஆம் கம்பி 2-இல். அங்கே இறங்க நான்காம் பீட் முடிவதற்குள் சுண்டு விரலைத் தூக்கியாக வேண்டும். என் வடிவத்திலும் ‘பி’ பார் முழுக்க நிற்பதில்லை.