சேதமடைந்து வந்த ஆம்ப்ளிஃபயரும் அதைச் சீராக்கிய வழியும்

சிங்கப்பூரில் உயர்தர ஸ்டீரியோ சாதனங்களைத் தேடுவோர் பெரும்பாலும் கோல்மன் ஸ்திரீட்டிலுள்ள அடெல்ஃபி கட்டடத்தில்தான் தொடங்குவார்கள். நானும் அங்குள்ள கடைகளில் பல மாலைகள் உட்கார்ந்து கேட்ட பிறகே, உற்பத்தி நின்றுபோன ஒரு ‘கிளாஸ் ஏ’ பவர் ஆம்ப்ளிஃபயரை (ஸ்பீக்கரை இயக்கும் கருவி; பாட்டு இல்லாதபோதும் முழு மின்னோட்டத்தில் இயங்கும் வகை) ஜெர்மனியிலிருந்து தருவிக்க முடிவு செய்தேன். அதே சாதனம் ஜப்பானில் இன்னும் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அங்கு வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஜெர்மனியில் இங்கிருப்பதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால், செருகியை மாற்றினால் போதும் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பொருளின் விலையோடு காப்புறுதியும் விமானக் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டினேன்.

பெட்டி எங்கள் புளோக்கின் மின்தூக்கியிலிருந்து இறங்கியபோதே அதன் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. கையெழுத்திடும் திரையில் குறிப்பு எழுத இடமில்லாததால், ஊழியர் நிற்கும்போதே நான்கு பக்கங்களையும் படமெடுத்து, ‘பெட்டி நசுங்கிய நிலையில் பெறப்பட்டது’ என்று கொண்டுவந்த கூரியர் நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டே உள்ளே எடுத்து வந்தேன். பிரிக்கும்போதும் ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்தேன். ஒற்றை அட்டைப் பெட்டி, மெல்லிய நுரை, மொத்தச் சிப்பமும் 42 கிலோ. இவ்வளவு கனமான சாதனத்துக்கு இரட்டைப் பெட்டியோ மரப்பெட்டியோதான் ஏற்றது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

முன்தகட்டின் மூலை நெளிந்திருந்தது. வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளில் இரண்டு வளைந்திருந்தன. எனக்குக் கவலை தந்தது அவையல்ல. இத்தகைய சாதனத்தின் எடையில் பெரும்பகுதி வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. அதைப் பல சமயம் நடுவிலுள்ள ஒரே போல்ட்தான் அடித்தட்டோடு பிடித்து நிற்கிறது. பெட்டி மூலையில் விழும்போது சட்டகம் நின்றுவிட, டிரான்ஸ்ஃபார்மர் நிற்க மறுக்கும். அடித்தட்டு வளையும், அருகிலுள்ள சர்க்யூட் பலகையின் பற்றவைப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால், சிறிய பழுது ஸ்பீக்கரையும் சேர்த்து எரிக்கும் பெரிய பழுதாகிவிடலாம். மேலும், இயக்கிப் பார்த்ததால்தான் கெட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லவும் வழி கிடைக்கும். ஆகவே ஒருமுறைகூட இயக்கவில்லை.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, பன்னாட்டு விமானச் சரக்குகளுக்குப் பொருந்தும் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையை வாங்குவோர் அறிந்திருப்பது மிகவும் அவசியம். சேதம் குறித்த எழுத்துமூலப் புகார், பொருளைப் பெற்ற 14 நாட்களுக்குள் சென்றிருக்க வேண்டும். அனுப்புநர் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்தாவிட்டால், நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகளோடு (அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு, SDR) நின்றுவிடும். 2024 டிசம்பர் 28க்கு முன் அது 22 ஆக இருந்தது. என் சிப்பத்துக்கு அந்தக் கணக்கு ஏறத்தாழ 2,000 சிங்கப்பூர் வெள்ளிதான் வரும், ஆம்ப்ளிஃபயரின் விலையோ அதைப் போல் பல மடங்கு. விலை முழுவதற்கும் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று வாங்கும் முன்பே வலியுறுத்தியிருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அந்தக் காப்புறுதிக் கோரிக்கையை அனுப்புநர்தான் தாக்கல் செய்ய முடியும் என்பதால் விற்பனையாளர் முதலில் தயங்கினார். படங்களை வரிசைப்படுத்தி, பழுதுபார்ப்பவரின் மதிப்பீட்டையும் இணைத்துக் கொடுத்ததும் அவர் ஒத்துழைத்தார், அதற்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். கோரிக்கை முடியும்வரை பெட்டியையும் நுரையையும் வீசவில்லை. மூன்றறை வீட்டில் அது எளிதன்று, ஆனாலும் அவைதாம் சான்று.

பழுதுபார்த்தவர், தொழிலில் நீண்டகாலம் இருக்கும் ஓர் அண்ணன். மூடியைத் திறந்ததும் முதலில் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்துகொண்டார். டிரான்ஸ்ஃபார்மர் சற்று நகர்ந்திருந்தது. அடித்தட்டை நிமிர்த்தி, போல்ட்டை மீண்டும் முறுக்கி, விரிந்த பற்றவைப்புகளைப் புதுப்பித்தார். பிறகு ஸ்பீக்கரை இணைக்காமல், வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூலம் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, வெளியீட்டில் ஸ்பீக்கரைக் கெடுக்கக்கூடிய நேர்திசை (டிசி) மின்னழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று அளந்தார். இரு பக்கங்களிலும் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே நின்றது. கருவி நன்றாகச் சூடேறிய பிறகே பயஸ் மின்னோட்டத்தை, அதாவது பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தை, சரிசெய்தார். அவசரப்படாத அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் என் அச்சம் தணிந்தது.

இப்போது அது கூடத்தில், மேலேயும் பக்கங்களிலும் நன்றாக இடம் விட்டுத் திறந்த மேசையில் இருக்கிறது. கிளாஸ் ஏ சாதனம் பாட்டு ஒலிக்காதபோதும் ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இழுத்து வெப்பமாக விடும். சிங்கப்பூரின் வெக்கையில் மூடிய அலமாரி அதற்கு ஆகாது. கேட்டு முடித்ததும் அணைத்துவிடுகிறேன். வீணையில் ஒரு கமகம் எழுந்து அடங்கும் முழு நீளமும் தெளிவாகக் கேட்கிறது. இதற்காகத்தான் இவ்வளவும் என்று மனம் நிறைகிறது.

நெளிந்த முன்தகட்டை மாற்றவில்லை. காப்புறுதித் தொகையில் பழுதுச் செலவு போக மிஞ்சியதை, வயதாகிவிட்ட கெப்பாசிட்டர்களை மாற்றுவதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.