தண்ணி கொடுத்தியா?

ஏப்ரல் 29

இன்றைக்கு நாலு பேர் கேட்டுவிட்டார்கள், பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தியா என்று. அதில் ஒருவர் பால்காரர்.

ஏப்ரல் 30

பாப்பா நனைக்கிற துணி ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் ஒரு கோடு போடுகிறேன்.

ஏழு கோடு.

மே 2

அத்தை மூன்று சாத்துக்குடியை உரித்து, கொட்டை எடுத்து, வெள்ளைத்தோல் ஒரு நூல்கூட இல்லாமல் கிள்ளி எறிந்து, பிழிந்து, டீ வடிகட்டியில் இரண்டு தடவை வடிகட்டி, கொஞ்சம் வெந்நீர் கலந்து, வெள்ளிச் சங்கில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். "நாலே நாலு சொட்டு. வாய் வறண்டு கிடக்குது பாரு." நான் ஐந்து மாதம் பத்து நாள்தான் ஆகிறது என்றேன். எனக்கே என் குரல் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி கேட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சங்கை டம்ளருக்குள் கவிழ்த்து, டம்ளரை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நாலு மணிக்கு அதை நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மே 4

கத்திரி தொடங்கியாச்சு.

மத்தியானம் மூன்று மணிக்கு கரண்ட் போனது. மாடி வீடு, மேலே வெறும் தளம், சுவரைத் தொட்டால் அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. பாப்பா அழுதாள், குடித்தாள், விட்டாள், மறுபடி அழுதாள். நான் உச்சிக்குழியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே போயிருக்கிறதா? நேற்று இருந்த மாதிரியே இருக்கிறதா? நேற்று எப்படி இருந்தது என்று யாருக்கு ஞாபகம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான், ஆறு மாதம் வரை எந்த வெயிலிலும் அதுவே போதும், குடிக்கிற பாலே தாகத்தையும் தீர்க்கும், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வயதில் தண்ணீர் கொடுத்தால் இத்தனூண்டு வயிறு அதிலேயே நிறைந்து பால் குறையும், பிள்ளை உறிஞ்சுவது குறைந்தால் எனக்குச் சுரப்பதும் குறையும், அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம், சிறுநீரகம் இன்னும் முழுசாகப் பழகவில்லை. எல்லாம் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு இதையெல்லாம் சொன்னால் நம்புவேன். மத்தியானம் மூன்று மணிக்கு அந்த உதடு காய்ந்திருப்பதைப் பார்க்கும்போது இந்த 88 எங்கேயோ போய்விடுகிறது. என் பாலில் 88 இருக்கிறதா என்று யார் அளந்து பார்த்தார்கள்?

ஆறு துணிக்கு மேல் நனைந்தால் பயம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சரி. ஏழு கோடு.

மே 5

ஐந்து கோடு. ஒரு துணி மொட்டை மாடியில் பறந்துவிட்டது, அது நனைத்த துணியா வெறும் துணியா என்று தெரியவில்லை. அதைச் சேர்ப்பதா வேண்டாமா?

சேர்த்துவிட்டேன்.

மே 7

அக்கா போன். "என் பையனுக்கு ஆறாவது மாசத்துல இருந்து ஆப்பிள் ஜூஸ் கொடுத்தேன், டாக்டரே எழுதிக் கொடுத்தார், அவன் என்ன கெட்டா போயிட்டான்?" கெட்டுப் போகவில்லை. பதினொரு வயசு, கிரிக்கெட் ஆடுகிறான், இரண்டு கடைவாய்ப் பல் அடைத்திருக்கிறது, அதற்கு ஜூஸ்தான் காரணம் என்று நான் சொன்னால் அது சண்டை.

ஆனால் அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறந்த 2014ல் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்றுதான் இருந்தது. அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் அமைப்பு 2017ல்தான் அதை ஒரு வயதுக்குத் தள்ளியது. இங்கே நம் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இரண்டு வயது வரைக்குமே வேண்டாம் என்கிறது. ஆக அவளும் சொன்னபடி கேட்டவள், நானும் சொன்னபடி கேட்பவள். பாப்பாவுக்குப் பிள்ளை பிறக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாளோ என்னவோ. இதை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் "வைக்கிறேன்க்கா, அழுறா" என்று வைத்துவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

மே 9

வேர்க்குருவுக்காக டாக்டரிடம் போனோம். கையோடு ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன்: தண்ணீர், இளநீர், நுங்குத் தண்ணீர், ஜூஸ், பசும்பால், பார்லி, கிரைப் வாட்டர், டீ. டாக்டர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்கு அப்புறம்தான், அதில் இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, சின்னக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிய வைக்கும். ஆறு மாதத்துக்கு மேல் சோற்றில் கொஞ்சம் தயிர் என்றால் பரவாயில்லை. ஜூஸ் என்பது பழத்தில் இருந்து நாரை எடுத்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் வைத்துக்கொள்வது, வீட்டில் பிழிந்தாலும் அதே கதைதான், பழம் வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்கு அப்புறம் மசித்துக் கொடுங்கள் என்றார். தண்ணீரை மட்டும் அடிக்கவில்லை, பக்கத்தில் 22 என்று எழுதினார். மே 22, ஆறு மாதம்.

டீயில் வந்து நின்றார். "டீயா? யாரும்மா கொடுக்கறா?"

அப்பத்தா, விரலில் தொட்டு. இதை நான் சொல்லவில்லை, இவர் சொல்லிவிட்டார். டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது என்று ஐந்து நிமிடம் பாட்டு. வண்டியில் வரும்போது நான் இவரோடு பேசவில்லை.

எட்டு கோடு.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். செல்லூரில் இருந்துகொண்டு போகாமல் இருக்க முடியுமா, கூட்டம் கலைந்த பிறகு பத்து மணிக்குமேல் தெருமுனை வரை மட்டும் போனோம். நூறு அடிக்கு ஒரு பந்தல். நீர்மோர், பானகம், ஒரு இடத்தில் ரோஸ் மில்க். ஊரே குடித்துக்கொண்டிருந்தது, என் தோளில் இருந்த ஒருத்தியைத் தவிர. ஒரு பந்தலில் இருந்த பெரியவர் பானக டம்ளரைப் பாப்பா வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். "சாமி பிரசாதம்மா, ஒரு சொட்டு." வெல்லம், சுக்கு, எலுமிச்சை, எந்த டேங்க் தண்ணீரோ. நான் பின்னால் நகர்ந்ததில் அவர் முகம் சுருங்கிவிட்டது. பாவம். அதனால் நான் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன், அவர் பார்க்கிற மாதிரி நின்று.

திரும்பும்போதுதான் அது. சல்லடம் கட்டிய ஒரு பையன் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தான், திரும்பியவன் எங்கள் பக்கம் ஒரு வீச்சு. என் முகம், சேலை, அவள் முகம். அவள் அழவில்லை. கண்ணை இறுக்க மூடித் திறந்தாள், அப்புறம் நாக்கை நீட்டி மேலுதட்டில் இருந்ததை நக்கினாள். ஒரு தடவை. யோசித்தாள். மறுபடியும் நக்கினாள்.

இவ்வளவு நாள் காத்து வைத்தது, தோல்பையில் இருந்து வந்தது முதல் தண்ணீர்.

மே 12, ராத்திரி

அந்தத் தோல்பையை எங்கே நிரப்பியிருப்பான்.

மே 13

ஒன்றும் ஆகவில்லை. எட்டு கோடு.

மே 15

கேட்டிருக்கக்கூடாது.

அப்பத்தா காலையில் இருந்து ஆறேழு தடவை "தண்ணி கொடுத்தியா ஆத்தா" என்று கேட்டுவிட்டார். எனக்கு எரிச்சல். "ஏன் அப்பத்தா தண்ணி தண்ணின்னு உயிரை எடுக்கறீங்க" என்றேன், சிரிக்கிற மாதிரிதான், ஆனால் எரிச்சல் கேட்டிருக்கும். அவர் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி. மூத்தது ஒரு பொம்பளைப் பிள்ளை இருந்தது. ஒரு வயசு முடியவில்லை. இதே மாதிரி சித்திரை. வயிற்றால் போனது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், கொடுக்காதே என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். "சொம்பைப் பாத்துப் பாத்துக் கைய நீட்டுச்சு. பெரியவங்க சொன்னாகளேன்னு நான் கொடுக்கலை. மூணாம் நாளு காஞ்சு போச்சு."

இவருக்கே இது தெரியாதாம். எண்பத்து நாலு வயசு. சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மே 16

ஏழு.

மே 18

லீவு முடிய இன்னும் பதினைந்து நாள். 26 வாரத்துக்குமேல் ஒரு வாரம் கெஞ்சி வாங்கியது.

பீய்ச்சி எடுத்துப் பார்த்தேன், இருபது நிமிடத்துக்கு 40 மில்லி. மேல்தட்டில் வைத்தேன். எல்லாரும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து அதைப் பார்க்கிறார்கள். மாமா தயிரை எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கிறார்.

மே 19

எனக்குத்தான் தாகம். ராத்திரி ஒரு சொம்பு முழுக்கக் குடித்தும் அடங்கவில்லை. சொம்பை யார் நிரப்பி வைக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். அத்தை.

மே 22

ஆறு மாதம். குழைய வேகவைத்த சோறு, பாசிப்பருப்பு, துளி நெய். மூன்று வாயில் இரண்டு வெளியே வந்தது. பிறகு தண்ணீர். கொதிக்கவைத்து ஆறவைத்தது, எவர்சில்வர் குட்டி டம்ளரில் விரல்கடை உயரம். சாப்பாட்டோடு இரண்டு மூன்று மடக்கு போதும், பாட்டில் வேண்டாம், டம்ளரிலேயே பழக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் போனை வைத்துக்கொண்டு வீடியோவுக்குத் தயாராக நின்றார்.

நான் டம்ளரை அப்பத்தாவிடம் கொடுத்தேன்.

அவர் டம்ளரை வாங்கவில்லை. எழுந்துபோய் மாடத்தில் இருந்து பாலாடையை எடுத்து, சேலையில் துடைத்து (அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்), அதில் ஊற்றச் சொன்னார். கை நடுங்கியது. பாதி தாடையில் வழிந்தது. பாப்பா பாலாடையின் மூக்கைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே போனது ஒரு ஸ்பூன் இருக்கும். வீடியோவில் இவர் விரல்தான் தெரிகிறது.

மே 25

காலையில் இருந்து ஐந்து தடவை. தண்ணீராக.

தோல்பை? சேலையில் துடைத்த பாலாடை? சோறா? இல்லை அன்றைக்கு நான்

மே 26

மருந்துக்கடையில் ஓஆர்எஸ் கேட்டால் இவர் ஆப்பிள் படம் போட்ட அட்டைப்பெட்டியோடு வந்தார், பெரிய எழுத்தில் அதே மூன்றெழுத்து. பின்பக்கம் பார்த்தால் ஜூஸ்தான், சர்க்கரை. திருப்பி அனுப்பினேன், கத்திவிட்டேன். பாக்கெட் வேண்டும், 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட், பாதிப் பாக்கெட் பாதி லிட்டர் என்று கண்ணளவு கூடாது, கலந்தது 24 மணி நேரத்துக்குமேல் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அவசரப்படாமல் ஸ்பூன் ஸ்பூனாக. துத்தநாக மருந்து 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சோறும் கொடுக்கலாம். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் துணி நனையாமல் இருந்தாலோ, குடிக்காமல் துவண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வா என்றார் டாக்டர்.

ராத்திரி பூரா அப்பத்தா உட்கார்ந்திருந்தார். நான் கொடுக்கிறேன் படுங்கள் என்றால் கேட்கவில்லை. ஒரு ஸ்பூன், எண்ணுவது, ஒரு ஸ்பூன். மூன்று மணிக்கு நான் அசந்துபோய் விழித்துப் பார்த்தபோதும் அதே இடத்தில், அதே ஸ்பூன், டம்ளரில் பாதி குறைந்திருந்தது.

காலண்டரில் இப்போது இரண்டு பத்தி. இடது பக்கம் சிறுநீர், வலது பக்கம் மற்றது.

மே 27

இடது 6, வலது 3.

மே 28

இடது 8, வலது 1. கத்திரி முடிந்ததாம், யாரும் வெயிலிடம் சொல்லவில்லை போல.

அத்தை மாதுளை பிழிந்துகொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "உனக்குத்தாண்டி. ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலையே" என்றார்.

ஜூன் 1

நாளைக்கு எட்டே முக்காலுக்கு பஸ். பால் ஐந்து சின்னப் புட்டியில், தேதி, மணி ஒட்டி. அத்தைக்கு எல்லாம் சொல்லியாச்சு: ஃபிரிட்ஜில் இருந்து எடுத்தால் வெந்நீரில் வைத்து எடுக்கணும், அடுப்பில் வேண்டாம், பாலாடையில் கொடுக்கணும், மிச்சத்தைத் திரும்ப வைக்கக்கூடாது. கோடு போடுவதுதான் பிரச்சினை. அத்தைக்கு அடுக்களை வேலையில் மறந்துபோகும், அப்பத்தாவுக்குக் காலண்டர் தெரியாது. அப்பத்தா ஒரு வழி சொன்னார். ஒரு துணிக்கு ஒரு புளியங்கொட்டை, டம்ளரில் போட்டுவிடுவாராம்.

ஜூன் 2

ஆறரைக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் டம்ளரைக் கவிழ்த்து எண்ணினேன். ஏழு. அதில் ஒன்று பாதியாக உடைத்த கொட்டை. இதென்ன அப்பத்தா, அரை, என்றேன்.

"லேசாத்தான் நனைஞ்சிருந்துச்சு ஆத்தா."