கையெழுத்து மட்டும் சிஸ்டருடையது

2024 நவம்பர் 7ஆம் தேதி சாயங்காலம், ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரிகள், பாதிரியார்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், 93 மேல்முறையீடுகளும் தள்ளுபடி. பக்கத்தில் பெரிய சிஸ்டர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சிஸ்டர், உங்க கேஸ் தோத்துப்போச்சு" என்றேன்.

"எந்தக் கேஸும்மா?"

விளக்கினேன். வார்த்தைப்பாடு, அதாவது துறவற உறுதிமொழி, கொடுத்த நாளிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி சட்டத்தின் கண்ணில் இறந்தவர் மாதிரி, சிவில் டெத் என்கிறார்கள், அவருக்கென்று சொந்தமாக எதுவும் கிடையாது, சம்பளம் முழுக்க அவர் சேர்ந்த துறவற சபைக்குத்தான் போகிறது, அப்புறம் அவரிடம் எப்படி வரி பிடிப்பீர்கள் என்பது சபைகளின் வாதம். பல காலமாகப் பிடிக்காமல்தான் விட்டிருந்தார்கள், 2014-15 வாக்கில் பிடிக்க ஆரம்பித்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் பிடிக்கலாம் என்றது, இப்போது டெல்லியும் அதையே சொல்லிவிட்டது. சம்பளம் உங்கள் பெயருக்கு வருகிறது, வந்த பிறகு யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது வேறு கதை என்பதுதான் சாரம்.

சிஸ்டர் ஒரு காம்பை ஒடித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நான் செத்துட்டேன்னு எங்க வக்கீலு சொல்றாரு, இல்ல உசுரோடதான் இருக்கான்னு ஜட்ஜ் ஐயா சொல்றாரு. நான் ஜட்ஜ் ஐயா கட்சிதாம்மா. பென்ஷனுக்கு வருஷா வருஷம் லைஃப் சர்ட்டிபிகேட் வேற குடுக்குறேன்ல?"

இதை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கை வந்தது.

நான் கிறிஸ்தவள் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் தெருவில் வளர்ந்தவள். 2021இல் பெங்களூருவுக்குக் கணக்கு டீச்சராக வந்தபோது, பள்ளியும் பெண்கள் ஹாஸ்டலும் சிஸ்டர்கள் மடமும் ஒரே காம்பவுண்டில் இருந்த ஓர் இடத்தில் வேலையும் அறையும் சேர்ந்தே கிடைத்தன. பழைய கன்டோன்மென்ட் பகுதி, அவ்வளவு சொன்னால் போதும். "கன்னியாஸ்திரிங்க இருக்காங்களா, அப்ப பயமில்ல" என்று அம்மா நிம்மதியாக பஸ் ஏறினார். அம்மாவுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரிகள் எல்லாரும் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஸ்கேலை வைத்துக்கொண்டு நின்றவர்கள்தான். எனக்கும் அப்படித்தான் தெரியும். ஸ்கேலைக் கீழே வைத்த பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று யோசித்ததே இல்லை.

மடத்தில் ஏழு பேர். இரண்டு பேர் தமிழ்நாடு, இரண்டு பேர் கேரளா, ஒருவர் மங்களூரு, ஒருவர் ஆந்திரா, கடைசியாக வந்த இளைய சிஸ்டர் ஜார்க்கண்ட். காலை 4.50க்கு மணி. ஐந்தரைக்குத் தியானம், பிறகு திருப்புகழ்மாலை, பிறகு பக்கத்துச் சர்ச்சில் பூசை, ஏழரைக்குள் இட்லி, எட்டேகாலுக்குப் பள்ளி வாசல். எல்லாருக்கும் பொதுவான மொழி வேறு இல்லாததால் ஜெபம் ஆங்கிலத்தில். சண்டை மட்டும் அவரவர் தாய்மொழியில். இது கிண்டல் இல்லை, சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலேதான் என் அறை.

பெரும்பாலும் அரிசிதான் பிரச்சினை. மட்டை அரிசியா பொன்னியா என்பதில் இரண்டு தரப்புக்கும் நடுவே, யாருக்கும் பிடிக்காத ஏதோ ஓர் அரிசி சமாதானமாக வந்து சேர்ந்தது. சமையல் முறை வாரத்துக்கு ஒருவர் என்று மாறும், ஆகவே திங்கட்கிழமை எந்த மாநிலம் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கற்பு வார்த்தைப்பாட்டைத்தான் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். எனக்கோ, தான் தேர்ந்தெடுக்காத ஆறு பேரோடு தினமும் மூன்று வேளை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் மலைப்பாக இருந்தது. கல்யாணத்திலாவது ஒரே ஒரு ஆள்தான்! பெரிய சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். "எட்டாவது ஆளு ஒருத்தர் இருக்காரும்மா, அவரு பேசவே மாட்டாரு, அதான் சௌகரியம்" என்று சிலுவையைப் பார்த்துச் சிரித்தார்.

பெரிய சிஸ்டர் சிவகங்கைப் பக்கம். தமிழ்நாட்டில் உதவி பெறும் பள்ளியில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, தலைமையாசிரியையாக 58 வயதில் ஓய்வு பெற்று, அதற்குப் பிறகு "சபை அனுப்பிச்சது, வந்தேன்" என்று பெங்களூருவுக்கு வந்தவர். அவர் ஊர்ப் பள்ளி சிஸ்டர்கள் முதலில் வெள்ளை அங்கியும் முக்காடுமாக இருந்தார்களாம். துறவியர் உடுப்பைக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளச் சொல்லி கத்தோலிக்க ஆயர்களின் உலக மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆவணம் 1965இல் வந்தது, சில வருஷம் கழித்து ஊர் சிஸ்டர்கள் சேலையில் வந்து நின்ற அன்றுதான் அவர்களுக்கும் தலைமுடி உண்டு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததாம். வகுப்பே அதிர்ந்துபோனது என்றார்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பது சபைக்குச் சேரும், பென்ஷனும் அப்படியே என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆக 30 வருஷச் சம்பளத்தில் சிஸ்டருடையது சம்பளப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து மட்டும்தான். மாதக் கடைசியில் ஒரு தாளில் பேனா ரீபிள் 10 ரூபாய், பஸ் 42 ரூபாய், தைலம் 60 ரூபாய் என்று எழுதி மடத்துத் தலைவியான மதரிடம் கொடுப்பார். 66 வயதில் அமிர்தாஞ்சனத்துக்குக் கணக்கு எழுதுகிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவருக்கு ஆஞ்சியோ செய்ய வேண்டி வந்தபோது ஒரு ரூபாய்க்கும் அவர் யோசிக்கவில்லை, இரவில் ஆஸ்பத்திரியில் மாறி மாறி ஆள் இருந்தார்கள், அரிசிச் சண்டைக்காரர் உட்பட. அதே மாதத்தில் எங்கள் அத்தை ஒருவர் மூன்று மகன்களுக்கு நடுவில் யார் செலவு என்று முடிவாகாமல் கிடந்தார். அதற்காக மடத்தை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.

ஏனென்றால் இன்னொரு பக்கம் உண்டு. சிஸ்டர்கள் சம்பளம் பார்க்காமல் உழைப்பதால், எங்களைப் போன்ற மற்ற டீச்சர்களும் அப்படியே உழைப்போம் என்று நிர்வாகம் எதிர்பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா ஒத்திகை, சனிக்கிழமை திருத்தல், கேட்டால் "இது சேவைம்மா". சேவைதான் சிஸ்டர், ஆனால் என் வீட்டு வாடகையைச் சபை கட்டாது, என் தம்பி காலேஜ் பீஸை மதர் கட்ட மாட்டார். நான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சம்பளம் கூடியது. தன் வாழ்க்கையைத் தானே கொடுத்தவருக்கும், கொடுக்கும்படி கேட்கப்படுகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. இதை நான் மீட்டிங்கில் சொல்லவில்லை, தைரியம் இல்லை, இங்கே சொல்கிறேன்.

சரி, பாடம் நடத்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

பெரிய சிஸ்டருக்குப் பள்ளியில் வகுப்பு கிடையாது. ஓய்வு பெற்றவர், அதுவும் கன்னடம் வராதவர். முதல் ஆறு மாதம் கீரை ஆய்ந்து, ஜெபமாலை சொல்லி, நூலக அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய்வந்தவர் முகம் சரியில்லை. என்ன சிஸ்டர் என்றால், பாட்டுக் குழுவில் நிற்கிற பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்களாம். எனக்கு அது புதுசு இல்லை, பெங்களூருவில் நாலு தலைமுறையாக இருக்கிற தமிழ் வீடுகளில் இது சகஜம், வீட்டில் பேச்சு தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், எழுத்து எங்கேயும் இல்லை. சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் ஆகஸ்ட் கடைசியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை காவி உடையில் கூட்டம் அலைமோதும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்தான் காதில் விழும். அதில் எத்தனை பிள்ளைகள் தமிழை வாசிப்பார்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்த வாரமே மதரிடம் அனுமதி கேட்டார். அனுமதி கேட்பது என்றால் நிஜமாகவே கேட்பது, 66 வயதுக்காரர் தன்னைவிட 20 வயது இளையவர் முன்னால் நின்று. மதர் யோசித்தார், மின்சாரச் செலவு, வாட்ச்மேன் நேரம், கன்னட ஊரில் தமிழ் வகுப்பு என்று யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம். ஒரு மாதம் கழித்து, மறைக்கல்வி வகுப்போடு சேர்த்துச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. ஆக புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிற பிள்ளைகள், பின்னால் வேலைக்காரக் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகள், ஞானஸ்நானம் என்றால் என்ன என்றே தெரியாத நாலைந்து பேர், எல்லாருமாக 19 பேர், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அகர வரிசையில் ஆரம்பிக்கவில்லை. முதலில் ட, ப, ம. கோடு கோடாக வருகிற எழுத்துகள், கை பழகும். 'படம்', 'மடம்' என்று அன்றைக்கே இரண்டு சொல் எழுதிவிடலாம், "நீ வந்திருக்கிற இடத்தையே எழுதிட்டியே" என்பார். வளைவுகள் மூன்றாம் வாரம்தான். எல்லாருக்கும் இரட்டைக்கோடு நோட்டு. கன்னடம் தெரிந்த பிள்ளைகளிடம் "உங்க ல இதுதானே, எங்க ல இப்படி, அண்ணன் தம்பி மாதிரி இல்ல?" என்று கேட்டு, கேட்ட சாக்கில் தானும் கன்னட எழுத்து கற்றுக்கொண்டார். ற மட்டும் யாருக்கும் வரவில்லை. அதன் வாலைப் பெருமாள் நாமம் மாதிரி இழுத்து வைத்தான் ஒரு பையன், சிஸ்டர் அவன் கையைப் பிடித்து நாற்பது தடவை எழுதவைத்தார். ஸ்கேல் இல்லை. "அங்க அடிச்சிருக்கேன்மா, நிறைய அடிச்சிருக்கேன்" என்று ஒரு நாள் தானாகவே சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு தடவை, இதெல்லாம் எங்களுக்குப் புதுசா என்பதுபோல, புதுச்சேரிக் கதை சொன்னார். 1844இல் துப்புய் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்பதற்காகவே தமிழ்ப் பெண்களை வைத்து அங்கே மரியின் மாசற்ற இருதய சபையை ஆரம்பித்தார், பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்றிருந்த ஊரில். பத்து வருஷம் கழித்து, 1854இல், பிரான்சின் ஆஞ்ஜேயிலிருந்து நல்லாயன் சபை சிஸ்டர்கள் பெங்களூருவுக்கு வந்தார்கள், மார்த்தம்மா ஆஸ்பத்திரியை 1886இல் தொடங்கியதும் அவர்கள்தான். மவுண்ட் கார்மல் கல்லூரியை 1948இல் இங்கே கொண்டுவந்த சபையோ, சென்னையில் பிறந்த ஒரு பெண் 1887இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. அவர் 1902இல் ரயில் விபத்தில் இறந்துபோனார். "எல்லாரும் எங்கியோ பொறந்து எங்கியோ போய்ச் சாவுறவங்கதான்" என்றார் சிஸ்டர், ஏதோ பஸ் ரூட்டைச் சொல்வதுபோல.

ஜார்க்கண்டிலிருந்து ஒரு இளைய சிஸ்டர் வந்ததாகச் சொன்னேன் இல்லையா, அவருக்கு முன்னால் அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். முதல் வார்த்தைப்பாடு கொடுத்து மூன்று வருஷம் ஆனவர், வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு இன்னும் காலம் இருந்தது. பிசிக்ஸ் எம்எஸ்சி படிக்க ஆசைப்பட்டார், சபை பி.எட் படிக்கச் சொன்னது. நன்றாகத்தான் பாடம் நடத்தினார். ஒரு மே மாதம் புதுப்பிக்காமல் போய்விட்டார். சண்டையில்லை, சத்தமில்லை, ஒரு காலையில் சுடிதாரில் கேட்டருகே நின்றார், அண்ணன் ஆட்டோ கொண்டுவந்தார். பெரிய சிஸ்டர் மட்டும் வாசல்வரை வந்து, ஒரு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, "பசியோட போகாத" என்றார். அன்று மத்தியானம் மேஜையில் அவர் பேச்சை யாரும் எடுக்கவில்லை என்று சமையலுக்கு உதவும் அக்கா சொன்னார். பெரிய சிஸ்டர் ஓடிப்போனவளைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு சொல்லும் என்னிடம் சொன்னதில்லை, ஒவ்வொரு வெள்ளியும் வகுப்பு முடிந்து என் போனை வாங்கி அந்தப் பெண்ணுக்குப் பேசுவார். அதற்கு அனுமதி கேட்டாரா என்று நானும் கேட்கவில்லை.

2025 மே மாதம் மாற்றல் கடிதம் வந்தது. பெரிய சிஸ்டருக்கு, தமிழ்நாட்டில் வயதான சிஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். "பாக்குறதுக்கா, பாக்கப்படுறதுக்கான்னு போட்டிருக்கலாம்" என்றார். பத்து நாளில் கிளம்ப வேண்டும். தமிழ் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வல்லின றகரம் இன்னும் வரவில்லை. நீங்கள் சொல்லிப் பாருங்களேன், ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்களேன் என்று நான் படபடத்தேன். "நான் வரும்போதும் அங்க பாதியிலதான் விட்டுட்டு வந்தேன். யாராவது பாத்துப்பாங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. நான் இரண்டு மாதம் எடுத்தேன், எனக்குப் பொறுமை இல்லை, பிறகு நானும் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன். கணக்கு டீச்சருக்கு எழுத்துச் சொல்லித்தர வராது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு குடை. கிளம்பிப் போய்விட்டார்.

அறையைக் காலி செய்ய நான் போன அன்று, ஜார்க்கண்ட் சிஸ்டர் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். அந்த வாரம் அவர் முறை. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மேலே மருத்துவ பிளாஸ்டர் ஒட்டி அதில் நீல மையில் அச்சடித்த மாதிரி தமிழ். டீச்சர், இது என்ன எழுதியிருக்கு, போடலாமா வேண்டாமா என்று ஹிந்தி கலந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். 'மிளகாய்த்தூள். சிவகங்கை. பார்த்துப் போடவும், அரை ஸ்பூன் போதும்.'