தட்டினால் பாட வேண்டும்

மார்ச் 7, சனி

கணினியில் செருகும் ரேடியோ ரிசீவரான ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் குச்சியை 92.5 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் வீதம் குனு ரேடியோவுக்குள் (பிளாக்குகளைக் கோடிழுத்து இணைத்து ரேடியோ செய்யும் மென்பொருள்) இழுத்தேன். திரையில் சென்னையின் எஃப்.எம் நிலையங்கள் 92.7-ம் 93.5-ம் இரண்டு மேடுகளாக நிற்கின்றன. ஆசை சின்னதுதான்: மேட்டின் மேல் டபுள் கிளிக் செய்தால் அந்த நிலையம் பாட வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் ஜன்னல், கிளிக் செய்த இடத்தின் அலைவரிசையை மெசேஜாக அனுப்பும். ஒரு நிலையத்தை மட்டும் நடுவுக்கு நகர்த்திப் பிரித்தெடுக்கும் எக்ஸ்லேட்டிங் ஃபில்டரும் மெசேஜ் வாங்கிக்கொள்ளும். நேராகக் கோடு இழுத்து இணைத்தேன். வெறும் இரைச்சல். அப்புறம்தான் உறைத்தது. ஜன்னல் சொல்வது 9.27 கோடி ஹெர்ட்ஸ் என்ற முழுக் கணக்கு. ஃபில்டர் கேட்பதோ நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று, அதாவது 2 லட்சம். இடையில் கழித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அந்த ஆளைப் பைதானில் எழுதினேன். மெசேஜ் வர ஒரு போர்ட், போக ஒரு போர்ட், வந்ததும் ஓட ஒரு ஃபங்ஷன். இருபது வரிகூட இல்லை. போர்ட் பெயரைச் சும்மா ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிட்டேன், சேமித்ததுமே பிழை. போர்ட்டுகளைத் தெரிந்துகொள்ள எடிட்டர் அப்போதே பிளாக்கை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டிப் பார்த்துவிடுகிறது. பெயரைப் பி.எம்.டி (குனு ரேடியோ மெசேஜ்களைப் பொட்டலம் கட்டும் வடிவம்) இன்டர்ன் வழியாகக் கொடுத்ததும் சரியானது.

என் கை 92.7-இலேயேவா விழும்? 92.7134 என்று எங்கோ விழும். அதனால் நடுவைக் கழித்து, ஒரு லட்சத்தால் வகுத்து, ரவுண்ட் செய்து, திரும்ப லட்சத்தால் பெருக்கி அனுப்பினேன். மெசேஜ் டீபக்கில் 200000 என்று அழகாக அச்சாகிறது. ஃபில்டர் மட்டும் அசையவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. திட்டினாலாவது தேவலை.

மார்ச் 11, புதன்

ஆபீஸ் முடிந்து வந்து, ஜன்னலின் மெசேஜையும் என்னுடையதையும் ஒரே டீபக்கில் சேர்த்து, 93.5-இல் கிளிக் செய்தேன். ஜன்னலுடையது 9.35012இ+07. என்னுடையது 1000000. ஒன்றில் 'இ' (பத்தின் அடுக்கைக் குறிக்கும் எழுத்து) இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அட, என்னுடையது முழு எண்! பைதான் 3-இல் ரவுண்ட் திருப்பித் தருவது முழு எண், நான் மெசேஜாக்கப் பயன்படுத்திய 'டு பி.எம்.டி' அதை அப்படியே முழு எண்ணாகப் பொட்டலம் கட்டியிருக்கிறது. ஃபில்டர் டபுள், அதாவது தசம எண் வகை, வந்தால்தான் தொடும்; மற்றதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். மூன்று நாளாக 200000-ஐயே முறைத்துக்கொண்டிருந்தேன். டபுளாக இருந்தாலும் அது 200000 என்றுதான் அச்சாகும், எப்படித் தெரியும்?

'டு பி.எம்.டி' என்ற ஒரு சொல்லை 'ஃப்ரம் டபுள்' என்று மாற்றினேன். 1இ+06 என்று விழுந்தது. பாட்டும் வந்தது.

மார்ச் 14, சனி

ஓட்டியவுடன் 93.5 பாடட்டும் என்று கன்ஸ்ட்ரக்டரிலேயே ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் பிளாக்குகள் இணைந்தே இருக்காது, யார் வாங்குவது? ஃபில்டரின் தொடக்க மதிப்பையே 10 லட்சமாக வைத்துவிட்டேன். அம்மா சமையலறையிலிருந்து, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுடா" என்றாள். அதற்கு இன்னும் பிளாக் எழுதவில்லை.