நெல்லை வெயிலில் ஒரு ரோட்டரி இன்ஜின்

சொந்தமாகக் கட்டும் சிறிய விமானத்துக்கு ஜப்பானின் மாஸ்டா கார் கம்பெனியின் ரோட்டரி இன்ஜினை மாற்றியமைக்கும் வேலை தரையில் ஓட்டிப் பார்க்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா என்று கேட்கிறார்கள். ஆகும். ஆனால் இன்ஜினோடு பாடுபடுவதைவிட அதன் சூட்டோடுதான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்எக்ஸ்-8 காரில் இருந்து கழற்றியது. 1308 சி.சி., இரண்டு ரோட்டர். ரோட்டர் என்பது உள்ளே சுழலும் முக்கோணத் துண்டு. பிஸ்டன், வால்வு, கனெக்டிங் ராடு எதுவும் கிடையாது. ரோட்டர் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். வால்வே இல்லாததால் நடுவானில் வால்வு உடையும் பயமில்லை. கூலன்ட் ஒழுகிச் சூடேறினாலும் பிஸ்டன் இன்ஜின்போலச் சட்டென்று இறுகி நின்றுவிடுவது அரிது. சக்தி குறைந்தாலும் இறங்கும் வரை ஓடிக்கொடுக்கும் என்று இதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு. எனக்கு இதன்மேல் பிடிப்பு வந்ததே அதனால்தான். பிரித்து, சீல்களையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போட்டு மூடினோம். அதில் பெரிய சிரமம் இல்லை.

அடுத்தது கியர்பாக்ஸ். ரோட்டரிக்கு முழுச் சக்தி நிமிடத்துக்கு 7000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் வரும். 74 அங்குல புரொப்பெல்லரை அந்த வேகத்தில் நேரே சுற்றினால் அதன் முனை விநாடிக்கு 690 மீட்டர் ஓடும். அது ஒலியின் வேகத்தைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. சத்தம்தான் மிஞ்சும், இழுவை இருக்காது. அதனால் 2.85-க்கு 1 என்று குறைக்கும் பிளானட்டரி பெட்டி (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் உருளும் கியர்பாக்ஸ்) ஒன்றை வாங்கினோம். 7000 என்பது 2450-க்கு இறங்கிவிடும். இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் அலுமினிய பிளேட்டைப் பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணாச்சிதான் கடைந்து தந்தார். ஷாஃப்டில் மயிரிழைக் கோணலையும் முள்ளில் காட்டும் டயல் கேஜைப் பொருத்திக் கையால் மெதுவாகச் சுற்றி, முள் அசைகிற இடத்தில் பென்சிலால் குறித்து, திரும்பக் கழற்றித் தொட்டுத் தொட்டுக் கடைந்தார். முள் அடங்கும் வரை அவர் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு கை இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஐடிலை, அதாவது இன்ஜின் சும்மா ஓடும்போது உள்ள வேகத்தை மட்டும் காரில் இருந்ததுபோல விடக் கூடாது. குறைந்த வேகத்தில் பல்சக்கரங்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். 1800-க்கு ஏற்றியதும் அடங்கியது.

சரி, சூட்டுக்கு வருகிறேன். ரோட்டரின் உள்ளே தண்ணீர் போகாது, அதைக் குளிர வைப்பது எண்ணெய்தான். வெளியேற்ற வேண்டிய சூட்டில் மூன்றில் ஒரு பங்கை எண்ணெயே சுமக்கிறது. அதனால் ஆயில் கூலருக்கு ரேடியேட்டருக்குக் கொடுக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும். மானூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் இரும்புச் சட்டத்தைக் கான்கிரீட்டில் ஊன்றி, அதில் இன்ஜினை மாட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் வேண்டுமென்றே ஓட்டினோம். இந்த வெயிலில் தாங்கினால் எங்கேயும் தாங்கும். தரை செம்மண் என்பதால் ஓட்டுமுன் தண்ணீர் தெளித்து, பொடிக்கல்லைக் கூட்டி எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் புரொப்பெல்லர் விளிம்பைக் கல் கொத்திவிடும். புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரையும் நிற்க விடவில்லை. ஆடு மேய்க்க வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

எண்ணெய்க்கு நாங்கள் வைத்த வரம்பு 100 டிகிரி. முள் அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. கூலர் பெரியது, காற்றும் பலமாக வருகிறது, பிறகு ஏன்? அண்ணாச்சி கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி, கூலரின் முகத்திலும் ஓரங்களிலும் டேப் போட்டு ஒட்டச் சொன்னார். ஓட்டியதும் ஓரத்து நூல்கள் விறைத்துப் பின்னால் பறந்தன. நடுவில் இருந்தவை சோம்பலாக ஆடின. “காத்து எங்க வழி லேசோ அங்கனதாம் தம்பி போவும்” என்றார். கூலரைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு கூண்டு கட்டினோம். வாய் சிறுத்து, உள்ளே போகப் போக விரியும்படி. தகடும் கூலரும் சேரும் இடமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி இடைவெளியை அடைத்தோம். அதே வெயில், அதே கூலர். எண்ணெய் 94-இல் நின்றது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

காரில் சீல்களுக்கு எண்ணெய் ஊட்டும் பம்பை எடுத்துவிட்டு, பெட்ரோலிலேயே லிட்டருக்கு 8 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் போடுவது) கலக்கிறோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் சாதாரண ரப்பர் குழாய் ஒத்துவராது. எத்தனால் தாங்கும் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இதில் கிடையாது. கரன்ட் போனால் இன்ஜினும் போச்சு. எனவே பேட்டரி, பெட்ரோல் பம்பு, கன்ட்ரோல் யூனிட் எல்லாமே இரண்டிரண்டு. ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக் இருப்பது நமக்கு நல்லதாய்ப் போயிற்று. ஒரு வரிசைப் பிளக்கை அணைத்தும் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் தொய்ந்தாலும் நிற்கவில்லை.

பறப்பதற்கு மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி வேண்டும். மும்பை விமானி அமோல் யாதவ் தான் கட்டிய விமானத்தைப் பதிவு செய்தது 2017-இல். பறக்க அனுமதி கிடைத்தது 2019-இல். அதனால் ஓட்டிய நேரம், எண்ணெய்ச் சூடு, கூலன்ட் சூடு, மாற்றிய பாகம் என எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே தேதி போட்டு நோட்டில் எழுதி வருகிறோம். இப்போது எக்ஸாஸ்ட் வேலை நடக்கிறது. ரோட்டரியின் புகைச்சூடு பிஸ்டன் இன்ஜினைவிட அதிகம் என்பதால் மெல்லிய குழாய் விரிசல் விட்டுவிடும். கனமான ஸ்டெயின்லெஸ் குழாயை ஆர்கான் வெல்டிங் வைத்துச் சேர்க்கிறோம். அது முடிந்ததும் இன்ஜினுக்கு மேல்மூடி மாட்டி, அடுத்த சித்திரை வெயிலில் மறுபடி மானூரில் ஓட்ட வேண்டும்.